சாரதி சவரிமுத்து எத்தனையாவது?

திருவரங்குளத்தில் ஒரு காதுகுத்து விழாவுக்கு மைக் செட் கட்டிவிட்டு, 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான் ஜெயமேரியின் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள். என் கையில் மைக் திறந்தே இருந்தது. "யாரு, சவரி அண்ணனா?" என்று நான் பதறிக் கேட்டது பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் அங்கிருந்தே, "எந்தச் சவரி? வண்டி ஓட்டுற சவரியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அட, என்னய்யா இது, போன மாசங்கூட டீக்கடையில பாத்தேனே" என்று அவர் குழந்தையைத் தன் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இப்படி அவரைத் தெரிந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆவூர்ப் பக்கத்துச் சவரிமுத்து, மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிற சாரதி. நான் அதே பந்தயங்களுக்கு மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவன். அவர் ரோட்டில் தொண்டை கிழியக் கத்துவார், நான் மேடையில் கத்துவேன். எங்கள் இருவர் தொண்டையும் ஒரே காலத்தில்தான் கெட்டுப்போனது.

அடக்கம் முடிந்த பிறகு கல்லறைக் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. பெயருக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம். அதில் 'முதல் தரச் சாரதி' என்று வெட்ட வேண்டும் என்பது ஜெயமேரியின் ஆசை. ஒரே மகள், திருச்சியில் நர்ஸ். அவளுடைய பெரியப்பா ஆரோக்கியம், கோயிலில் செபம் சொல்லிவைக்கிற உபதேசியாராக இருக்கிறவர், ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"கல்லறைத் திருநாளைக்கு ஊரே வந்து மெழுகுவத்தி ஏத்தும்மா. படிச்சுப்புட்டு எவனாச்சும் சிரிச்சா என்ன செய்வ? செத்தவன் தலமாட்டுல பொய் எழுதக் கூடாது."

"பொய்யின்னு யாரு பெரியப்பா சொன்னா?"

"நெசமுன்னு யாரும்மா சொன்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. இத்தன வருசம் மைக்குல கத்துனீங்கள்ல? எங்கப்பா முதல் தரமா, இல்லியா? எனக்காகச் சொல்ல வேணாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, வெறும் பேரை மட்டும் வெட்டிக்கிறேன்" என்றாள் ஜெயமேரி. அவள் கண்ணைப் பார்த்தபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது என்று தோன்றியது. முப்பதாம் நாள் பூசைக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் யோசித்தேன், இதை எப்படி விசாரிப்பது? ஒரு வண்டி முதலாவதாக வந்தால் அதில் மாட்டின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு? பரிசு அறிவிக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது மாட்டுக்காரர் பெயரைத்தான். "இன்னாருடைய மாடுகள் முதல் பரிசு" என்று சொல்லி, கைதட்டல் ஓய்ந்த பிறகு, "ஓட்டி வந்த சாரதி இன்னார்" என்போம். அதற்குள் பாதிப் பேர் பிரியாணிப் பந்திக்குப் போயிருப்பார்கள்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் போனவரை அடக்கமானவர் என்று எழுதுவது வழக்கம். சவரி அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை அடிப்பார். அப்படி ஒரு பெருமைக்காரர்! சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. மீசைக்கு மை. பந்தயத்துக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவார். செம்மண் புழுதி அப்பிய சட்டையோடு டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று ஒரு சுற்று போய், பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். "சட்டையத் தொவைச்சுப்புட்டா நான் ஓட்டுனது எவனுக்குத் தெரியும்?" என்பார். நியாயமான கேள்விதான்.

அவருடைய கைவேலை என்னவென்று நான் முதன்முதலாகக் கண்டது ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவரின் மாடுகள் விஷயத்தில். கடலுக்குப் போனவர்கள் நேவிக்காரர்களிடம் பிடிபட்டுப் போய், படகுகள் எல்லாம் கரையில் கிடந்த சமயம். ஐஸ் வாங்க ஆளில்லை. சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று அந்த மனிதர் இரண்டு பந்தய மாடுகளை வாங்கிவந்தார். மாடுகளா அவை! தேர் மாதிரி நிற்கும். நுகத்தில் பூட்டினால் மட்டும் ஒன்று அங்கிட்டு இழுக்கும், இன்னொன்று இங்கிட்டு இழுக்கும். பேர்பெற்ற சாரதிகள் எல்லாம் பார்த்துவிட்டு, ஜோடி சேராது, வித்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

சவரி அண்ணன் வந்தார். வண்டிப் பக்கமே போகவில்லை. மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு, ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறி, முதலாளி பொறுமை இழந்து, "என்னங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றார். "ஆமாங்க மொதலாளி, மாப்பிள்ள நிக்கிற எடத்துல பொண்ணு நிக்கிது" என்றார் இவர். விஷயம் இதுதான். இடப்பக்கம் பூட்டிக்கொண்டிருந்த மாடு, அவிழ்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் மற்றதன் வலப்பக்கமாகப் போய்த்தான் நின்றது. வாங்கிய நாளிலிருந்து இடத்து மாட்டை வலத்திலும் வலத்து மாட்டை இடத்திலும் பூட்டி எல்லோரும் அடித்து ஓட்டியிருக்கிறார்கள். மாற்றிப் பூட்டினார். சாயங்காலம் இரண்டும் ஒரே மாடு போல ஓடின. "மாடு பேசுறதக் கேக்க காது வேணாம் தம்பி, கண்ணு போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மீசையைச் சீவிக்கொண்டார்.

அந்த ஜோடியை ஓட்டி அவர் மூன்றாம் பரிசு எடுத்தார். அடுத்த வருடம் முதலாளி அதைத் திருமயம் சின்னக்கண்ணுவிடம் கொடுத்தார், அவர் முதல் பரிசு எடுத்தார். சின்னக்கண்ணு என்றால் மாவட்டத்தில் முதல் சாரதி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, சின்னக்கண்ணுவுக்குச் சுத்தமாக இல்லை. இப்போது சொல்லுங்கள், அந்த முதல் பரிசில் சவரி அண்ணனுக்கு எத்தனை மார்க்? நான் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

மார்க் போடுகிற ஆட்களும் இல்லாமல் இல்லை. பந்தயங்களைச் செல்போனில் பிடித்து யூடியூபில் போடுகிற பிள்ளைகள் சிலர், போன வருடம் 'மாவட்டத்தின் டாப் டென் சாரதிகள்' என்று ஒரு வீடியோ போட்டார்கள். முதல் பரிசை மட்டும் எண்ணுவது அவர்கள் கணக்கு. ஜெயமேரி விடுப்பில் வந்திருந்தபோது அவள் போனில் அதை அப்பாவுக்குக் காட்டினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். சவரி அண்ணன் ஒன்பதாவது. கிழவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எட்டாவது யாருடா?"

"மூக்கையா" என்றேன்.

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "அவனுக்கு அந்த மார்க்கப் போட்டதே நானுல்ல! என்னால மேல போயி ஒக்காந்துட்டு என்னயவே குனிஞ்சு பாக்குறான் பாரு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜெயமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு பந்தயத்தையும் பார்த்தவள் இல்லை. அப்பா வண்டி ஏறினால், பந்தயம் முடிந்து போன் வரும்வரை அவளும் அம்மாவும் கோயிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூக்கையாவுக்கு அந்த மார்க் விழுந்த பந்தயம் உங்களில் பலருக்குத் தெரியும். 'சவரி கெடுத்த பந்தயம்' என்றே அதற்குப் பேர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயம் என்பது ஊரிலிருந்து கிளம்பி, எல்கை என்று வைத்திருக்கிற இடத்தைச் சுற்றித் திரும்பி, மறுபடி ஊருக்கு வருவது. எல்கையில் ரோட்டு நடுவே ஒரு தார் பீப்பாயைக் கொடி கட்டி நிறுத்தியிருப்பார்கள். பெரிய மாடு, சின்ன மாடு என்று இரண்டு பிரிவு; பெரிய மாட்டுக்கு எல்கை தூரத்தில், சின்ன மாட்டுக்குக் கிட்டத்தில், ரோடு ஒன்றே. பெரிய மாட்டுப் பந்தயம் முடிந்த பிறகு சின்ன மாட்டுப் பீப்பாயைக் கொண்டுபோய் வைப்பதுதான் முறை. அந்த வருடம் கமிட்டிக்காரர்கள் ரொம்ப முன்ஜாக்கிரதையாக இரண்டையும் காலையிலேயே வைத்துவிட்டார்கள்.

சவரி அண்ணன் அன்று பெரிய மாட்டில் ஓட்டிய ஜோடி, அதற்கு முந்திய வருடங்களில் அதே ரோட்டில் சின்ன மாடாக ஓடிய ஜோடி. கிளம்பியதும் முதலாவதாகப் போய்விட்டார். பின்னால் சின்னக்கண்ணு, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சின்ன மாட்டுப் பீப்பாய் வந்தது. மாடுகளுக்கு அதுதானே பழகிய எல்கை? தாமாகவே வளைந்துவிட்டன. இவரும் விட்டுவிட்டார். பீப்பாய்ப் பக்கம் ஒரு ஆள்கூட இல்லையே என்று அவருக்குத் தோன்றியதாம். டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அந்த வருடம் வேடிக்கை பார்க்கிறவர்களின் பைக்குகளை வண்டிக்குப் பின்னால் போக போலீஸ்காரர்கள் விடவில்லை, இல்லையென்றால் யாராவது கூப்பாடு போட்டிருப்பார்கள்.

நான் ஊரில் மேடையில் இருந்தேன். வழக்கமான நேரத்துக்கு வெகுமுன்பே ரோட்டில் புழுதி தெரிந்தது. அடேயப்பா! எனக்குப் புல்லரித்துவிட்டது. "இதுவரை எவரும் கண்டிராத வேகம்! சவரி வருகிறார்! பறந்து வருகிறார்!" என்று மைக்கைப் பிய்த்தேன். வெடி வெடித்தது. மாலை விழுந்தது. அவர் வண்டியில் நின்றபடி இரண்டு கையையும் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எல்கையில் நின்ற கமிட்டிக்காரர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, எங்கிட்டுண்ணே இருக்கானுக? இங்க ஒரு வண்டியும் வரலையே!" என்றார். மைக் பக்கத்தில் போன். ஊரே கேட்டது.

மூக்கையா இருக்கிறாரே, அவர் அன்று கிளம்பும்போதே கயிறு அறுந்து, கட்டி முடித்துக் கடைசியாகப் போனவர். அத்தனை வண்டியும் திரும்பி எதிரே வருவதைப் பார்த்துவிட்டு, சரி, நமக்கு ஒன்றுமில்லை என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பேருக்காவது முடிப்போம் என்று உண்மையான எல்கை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வந்தவருக்கு முதல் பரிசு! எதற்கு மாலை போடுகிறார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் அவருக்கு விளங்கவில்லை.

இந்தக் கதையை அதிகம் சொன்னவர் சவரி அண்ணனேதான். எந்த டீக்கடையிலும், எவர் கேட்டாலும் சொல்வார். மாடு வளைந்தது, தான் விட்டது, பிறகு தன் பின்னால் திரும்பியவர்கள் பெயர்களை வரிசை தப்பாமல், கோயிலில் பிரார்த்தனை வாசிக்கிற குரலில் சொல்வார். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் வாத்தியார் போல விறைப்பாக உட்கார்ந்திருப்பார்.

விசாரணைக்காக நான் அலைந்த நாட்களில் ஜெயமேரி இந்தக் கதையை முழுதாகக் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு புரியல சித்தப்பா" என்றாள். "எங்கப்பா மாடு பழக்கத்துல திரும்பிருச்சு, சரி. மத்தவங்க மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லைல்ல? அவங்க ஏன் திரும்புனாங்க?"

எத்தனை வருடமாகச் சிரிக்கிறோம், ஒருவராவது இதைக் கேட்டதுண்டா? மறுநாளே திருமயத்துக்கு பஸ் ஏறினேன்.

சின்னக்கண்ணு ஹைவே ஓரத்தில் மகனுடைய டயர் கடையில் உட்கார்ந்திருந்தார். கண் கொஞ்சம் மங்கியிருந்தது, வாய் மங்கவில்லை. கல்லறைக் கல் விஷயத்தைச் சொன்னதுமே சிலிர்த்துக்கொண்டார்.

"முதல் தரமா? அப்ப நான் என்ன பத்தாந்தரமா? நல்ல ஓட்டுக்காரன், இல்லைங்கல. அடக்கத்துக்கு நானும் வந்து மண்ணு போட்டேன். அதுக்காக?"

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க ஏன் திரும்புனீங்க?"

"என்னைக்கு?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"எல்கை எங்க இருக்குன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"பீப்பாயத் தாண்டி ரோடு கெடக்குறது தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுய்யா."

"பெறகு?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெறகு என்ன பெறகு? சவரி திரும்பிட்டானுல்ல! எல்கைய மாத்திப்புட்டானுக போல, நம்மகிட்டச் சொல்லாம விட்டுட்டானுக, அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அவன் தப்பாத் திரும்புவான்னு எம் புத்திக்கு எட்டவே இல்ல. பீப்பாயவா தம்பி பாத்து ஓட்டுனோம்? அவனப் பாத்துல்ல ஓட்டுனோம்!"

"மத்தவங்க நீங்க திரும்புனதப் பாத்துத் திரும்பியிருப்பாங்களோ?"

அவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். முகத்தில் தெரிந்தது. பிறகு, "இல்ல. எனக்குப் பின்னாடி வந்தவன் எனக்கு முன்னாடியே கயித்த மடக்கிட்டான். எல்லாப் பயலும் சவரியத்தான் பாத்தோம்" என்றார்.

"அன்னைக்கு வேற யாராச்சும் முன்னாடி போயி அங்க திரும்பியிருந்தா?"

"சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போயி முதப் பரிசு வாங்கியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டாற்போல என்னைப் பார்த்தார். ஒரு லாரிக்கு டயர் மாட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்குச் சவரி அண்ணனின் தந்திரம் பிடிபட்டது. தன் பின்னால் திரும்பியவர்களின் பெயர்களை அப்படி வரிசையாகச் சொன்னாரே, தன் தப்பை அவர்களோடு பங்கு போடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாவட்டத்தின் பெரிய சாரதிகள் அத்தனை பேரும் தன் முதுகைப் பார்த்து வண்டி ஓட்டினார்கள் என்பதை அந்த மனிதர் டீக்கடைக்கு டீக்கடை உட்கார்ந்து அறிவித்திருக்கிறார்! பெருமைக்காரர், பெருமைக்காரர் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெருமையை நாங்கள் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உபதேசியார் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "சின்னக்கண்ணு வாயாலயா சொன்னாரு?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "சாட்சி பலமாத்தான் இருக்கு. வெட்டச் சொல்லுங்க" என்றார். ஜெயமேரி எழுந்து உள்ளே போனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது சின்னக்கண்ணு பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் மாலை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லை மந்திரித்து முடித்ததும் கிட்டே போய்க் குனிந்து, மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். 'முதல் தரச் சாரதி.' இந்த மனிதர் எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் மாலையைக் கல்லுக்குச் சாத்திவிட்டு ஜெயமேரி பக்கம் திரும்பினார்.

"ஏ ஆத்தா, எங்க ஆளுகளுக்குக் கல்லு வைக்கிற வழக்கம் இல்ல. அதுவும் நல்லதாப் போச்சு. இருந்திருந்தா எம் மவன் 'ரெண்டாந்தரச் சாரதி'ன்னுல்ல வெட்டணும்?"

அப்பா போன நாளிலிருந்து சிரிக்காத பெண் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.

சவரி அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பந்தயத்தைத்தான். கதையை நான் விடப் போவதில்லை, எந்த ஊர் மேடையில் கேட்டாலும் சொல்வேன். பீப்பாய், புழுதி, போன், மூக்கையாவின் மாலை எல்லாம் அப்படியே இருக்கும். ஜனங்கள் சிரிக்கட்டும். சிரித்து ஓய்ந்த பிறகு, மைக்கை வைக்கும் முன், 'மத்தவங்க ஏன் திரும்புனாங்க?' என்று ஜெயமேரி கேட்ட கேள்வியை நானும் அவர்களிடம் கேட்பேன்.